ஆறு நிமிஷ நடை

செங்கோடனை முதலில் கெடுத்தது வையாபுரிதான். மற்றவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் வந்து வரிசையில் நின்றவர்கள். இரண்டாவது மாடியில் தனியாக விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்த பெண்டாட்டி பாவாயி மேல் செங்கோடனுக்கு வருத்தம் உண்டு. உடம்பு ஊதினதைப் பார்த்து அப்பா தேறிவிட்டார் என்று சந்தோஷப்பட்ட மகள் மரகதம் மேல் உண்டு. உப்பைத் தொடாதே என்ற டாக்டர் மேல் உண்டு. எழுபத்தொரு வருஷம் சத்தமில்லாமல் கூட வந்துவிட்டு இப்போது பாதி வழியில் காலை வாருகிற சொந்த நெஞ்சின் மேலும் உண்டு. ஆனால் முதல் இடம் வையாபுரிக்கு. அதை அவர் யாருக்கும் மாற்றித் தருவதாக இல்லை. வையாபுரி மரகதத்தின் மாமனார், இருபத்திரண்டு வருஷச் சம்பந்தி. ராசிபுரத்திலிருந்து விடியும் முன்பே காரை எடுத்துக்கொண்டு மருமகளோடு ஈரோடு வந்து, மாடிப்படி அத்தனையும் ஏறிக் கதவைத் தட்டி, கிளம்பலாமுங்களா என்று கேட்டு, தோள் கொடுத்து இறக்கிக் கூட்டிவந்து, இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவின் நட்டநடுவில் சுவரோரம் கிடக்கிற நீலப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மரகதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கக் கீழே போய்விட்டாள். ஆக, பார்ப்பதற்கு வையாபுரி ஒருத்தர்தான். பார்க்கத்தான் வந்திருக்கிறார், வேறு எதற்கு வருவார் என்று செங்கோடன் நினைத்துக்கொண்டார்.

வராந்தாவின் இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக இரண்டு ஆரஞ்சுக் கூம்புகள், ரோடு போடுகிற இடத்தில் வைப்பார்களே, அது மாதிரி. நடுவில் முப்பது மீட்டர். தரையில் மூன்று மீட்டருக்கு ஒரு தடவை மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. ரெஜினா என்று சட்டையில் பேர் குத்தியிருந்த நாற்பது வயதுப் பெண் செங்கோடன் விரலில் ரத்தத்தின் ஆக்ஸிஜனை அளக்கிற ஒரு கவ்வியை மாட்டிவிட்டு, கையில் ஓட்டப்பந்தயக் கடிகாரத்தோடு நின்றாள். "ஆறு நிமிஷம் நடக்கணுங்கய்யா. ஓடக் கூடாது, பேசக் கூடாது. முடியலைன்னா நிக்கலாம், செவுத்துல சாஞ்சுக்கலாம். ஆனா கடிகாரம் நிக்காது." நிற்காது என்பதை அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள். டாக்டர் முன்பே சொல்லியாகிவிட்டது. முந்நூறு மீட்டரைத் தாண்டினால் இரண்டாவது மாடியில் தனியாக இருப்பதைப் பற்றி யோசிக்கலாம். தாண்டாவிட்டால் மாடி கிடையாது, மகளோடு போய் இருக்க வேண்டியதுதான். மகளோடு என்று டாக்டர் லேசாகச் சொல்லிவிட்டார். மகள் இருப்பது வையாபுரி வீட்டில். மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அந்த வீட்டில் ஒருவேளைச் சோற்றுக்கு மேல் செங்கோடன் தின்றதில்லை, அதுவும் கையில் பழமில்லாமல் படியேறினதில்லை. பெண்ணைக் கொடுத்தவன் அங்கே விருந்தாளி. விருந்தாளி பெட்டியோடு போய் இறங்கி, மாத்திரை டப்பாவை அவர்கள் வீட்டு அலமாரியில் வைத்து, காலையில் எழுந்து அவர்கள் கக்கூசில் வரிசையில் நிற்பதா. "ஆரம்பிங்க" என்றாள் ரெஜினா. கால் தானாகக் கிளம்பியது. கிளம்பினதே ஆச்சரியமாக இருந்தது.

நேராகப் பார்த்து நடக்க வேண்டும், பெஞ்சுப் பக்கம் திரும்பக் கூடாது என்று முடிவு செய்திருந்தார். அந்த ஆளுக்குத் தன் முகத்தைக் கொடுக்கக் கூடாது. பெஞ்சைத் தாண்டும்போது இடது கன்னத்தில் அடுப்புப் பக்கம் போனது போல ஒரு சூடு பட்டது. பார்க்கிறான். காலைப் பார்க்கிறான், பிறகு நெஞ்சைப் பார்ப்பான். செங்கோடன் முதுகை நிமிர்த்தினார். இது கம்பம் ஏறின கால். முப்பத்தொரு வருஷம் லைன்மேன் வேலை, இடுப்பில் பெல்ட், தோளில் கயிறு, மழைக்காற்றில் ஊரே இருட்டிக் கிடக்கும்போது வழுக்குகிற கம்பத்தில் சரசரவென்று மேலே போன கால். கீழே நிற்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள், அதில் ஒரு ருசி இருந்தது. அன்றைக்குப் பார்த்தவர்களும் பார்த்தவர்கள்தான், இன்றைக்குப் பார்க்கிறவனும் பார்க்கிறவன்தான். கூம்பு வந்துவிட்டது. சுற்றித் திரும்பினார். திரும்பும்போது தரை ஒரு விரல்கடை சாய்ந்து மறுபடி நேரானது. முப்பது. இன்னும் ஒன்பது தடவை இப்படிப் போனால் முந்நூறு. ஒன்பது என்பது பெரிய எண் இல்லை. வீட்டு மாடிப்படியில் ஒன்பது படி ஏறினால் முதல் திருப்பம் வரும், அங்கே பாவாயி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்திருந்தாள், அவள் முழங்காலுக்காக. இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கிறது.

சூடு மறுபடி கன்னத்தில், இந்தத் தடவை வலது பக்கம். பார்க்கட்டும். அந்த வார்த்தையைச் சொன்னவன் கண்ணால் பார்க்கட்டும். போன ஐப்பசியில் பாவாயியின் தலைத் திவசத்தன்று சொன்னான். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். செங்கோடன் கட்டிலை விட்டு எழுந்து வாசலுக்குப் போய் யாரையும் வாங்க என்று கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. காலில் யாரோ மண்மூட்டை கட்டிவிட்டது போலிருந்தது. கெண்டைக்காலை அமுக்கினால் குழி விழுந்தது, விழுந்த குழி அப்படியே நின்றது. ஆனால் முகம் பளபளவென்று இருந்தது, கன்னம் உப்பியிருந்தது, அரைஞாண் கயிறு இடுப்பில் இறுகியது. ஒரு மாசத்தில் ஐந்து கிலோ கூடியிருந்தார். வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள், பெண்டாட்டி போன துக்கத்திலிருந்து மனுஷன் தேறிவிட்டார் என்று. மரகதம் அந்தச் சந்தோஷத்தில் கருவாட்டுக் குழம்பு வேறு வைத்துப் போட்டிருந்தாள் முந்தின வாரம், அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார் என்று ஊறுகாயும் அப்பளமும் சேர்த்து. அவருமே கண்ணாடியில் பார்த்து, பரவாயில்லை, உடம்பு வந்திருக்கிறது என்றுதான் நினைத்தார். அத்தனையும் நீர். இருதயம் இறைத்து வெளியே தள்ள முடியாமல் விட்ட நீர் உள்ளேயே தேங்கி, காலிலிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவர் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஜன்னலுக்கு வெளியே நடையில் கை கழுவிக்கொண்டே வையாபுரி பங்காளி ஒருத்தரிடம் சொன்னார். "ஒண்ணுமில்லீங்க. ஆளு முன்னைக்கு நல்லாத்தான் தேறியிருக்காரு. மகளைக் கூடவே வெச்சுக்கப் பாக்கறாரு, அவ்வளவுதான். எல்லாம் நடிப்பு." அந்தப் பங்காளி சிரித்தான். சொம்புத் தண்ணீர் தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் செங்கோடனைத் தூக்கிக்கொண்டு வந்து இதே ஆஸ்பத்திரியில் போட்டார்கள், நெஞ்சில் நீர் கோத்து, உட்கார்ந்தபடியே மூழ்குகிறவன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். வையாபுரி திராட்சைப் பழத்தோடு வந்தார், காலடியில் நின்றார், இரண்டு ராத்திரி வெளியே பெஞ்சில் படுத்தும் கிடந்தார். அந்த வார்த்தையை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

"நல்லா போறீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு." நாலா. இரண்டுதானா ஆயிற்று. நூற்றிருபது மீட்டருக்கு இவ்வளவு நினைப்பா. மூச்சு ஏறத் தொடங்கியிருந்தது, மூக்கை விட்டுவிட்டு வாய்க்கு மாறியது. இங்கேதான் எப்போதும் சிக்கும். ஏழு மாசமாக இங்கேதான் சிக்கிக்கொண்டிருக்கிறது. மூச்சு வாங்கும்போது உள்ளே ஒருத்தன் உட்கார்ந்து கேட்கிறான், இது வாங்குகிற மூச்சா, நீ வாங்க வைக்கிற மூச்சா. இந்த ஹா என்ற சத்தம் நெஞ்சிலிருந்து வந்ததா, மரகதத்தின் காதுக்காகத் தொண்டையில் செய்ததா. படுக்கையை விட்டு எழ முடியவில்லையா, எழ மனமில்லையா. டீக்கடைக்குப் போய் இரண்டு மாசம் ஆகிறது, போய் உட்கார்ந்தால் கூட வேலை பார்த்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள், ஒருத்தன் கிண்டல் செய்வான், சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பை நினைத்தாலே களைப்பாக இருக்கிறது. சவரம் செய்ய வேண்டும் என்று கையைத் தாடைக்குக் கொண்டுபோய், அங்கேயே வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். சோறு வாயில் மண் மாதிரி இருக்கிறது. இது வியாதியா, அழிச்சாட்டியமா. காலையில் ஒரு டாக்டரம்மா காகிதத்தை வைத்துக்கொண்டு ஒன்பது கேள்வி கேட்டாள். எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறதா, மனசு சோர்ந்து கிடக்கிறதா, தான் ஒன்றுக்கும் ஆகாதவன் என்று தோன்றுகிறதா. மரகதம் முந்திக்கொண்டு, அப்பா நல்லாத்தான் இருக்காருங்க, கொஞ்சம் அம்மா நெனப்பு என்றாள். அவர் எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றார். கடைசிக் கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று நினைத்ததுண்டா. அதற்கு மட்டும் இல்லை என்பதை அதட்டிச் சொன்னார், டாக்டரம்மா பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். வையாபுரி இருக்கும்போது நான் ஏன் முதலில் சாக வேண்டும் என்று அவளிடம் சொல்ல முடியுமா. அவள் காகிதத்தை மடித்துவிட்டுப் பொதுவாகச் சொன்னாள், இருதயம் தளர்ந்தால் மனசு தளரும், மனசு தளர்ந்தால் கால் எழாது, கால் எழாவிட்டால் இருதயம் இன்னும் தளரும், எது முதலில் என்று எங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது என்று. டாக்டருக்கே தெரியாதாம். அந்த ஆளுக்கு மட்டும் ஜன்னலுக்கு வெளியே நின்று தெரிந்துவிட்டது.

கூம்பு. திரும்பு. நூற்றைம்பது. வேகமாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் முந்நூறு தாண்டும், மாடி தன்னுடையது, கட்டில் தன்னுடையது, யார் வீட்டுச் சோறும் வேண்டாம். காலை எட்டிப் போட்டார், இரண்டு டேப்பைத் தாண்டினார், உடனே அந்தப் பயம் வந்தது. நன்றாக நடந்துவிட்டால்? முந்நூற்றைம்பது நடந்துவிட்டால்? அந்த ஆள் பெஞ்சிலிருந்து எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, பாத்தீங்களா, நான் அன்னைக்கே சொன்னேனே என்று சொல்ல மாட்டானா. சொல்ல வேண்டாம், ஒரு பார்வை பார்த்தால் போதுமே. காலைக் குறைத்தார். குறைத்ததும் அடுத்த பயம் வந்தது. குறைத்தால் நடிப்பு. இப்போது குறைத்தது நிஜமாகவே நடிப்புத்தானே, யார் இல்லை என்று சொல்ல முடியும். நடந்தால் அவன் சொன்னது உண்மை, நடக்காவிட்டால் அவன் போடுகிற சோறு. இரண்டு கூம்பும் ஒரே கூம்பு. நடுவில் அவன் உட்கார்ந்திருக்கிறான், எந்தப் பக்கம் போனாலும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். கன்னம் சுட்டது. செங்கோடன் கண்ணை எதிர்ச்சுவரில் இருந்த தீயணைப்பு உருளையின் சிவப்பில் குத்தி வைத்தார். மேலே கம்பத்தில் இருக்கும்போது பயம் தெரிந்ததில்லை. லைனைக் கட் பண்ணிவிட்டோம் என்று கீழிருந்து சொன்னாலும் அவர் நம்ப மாட்டார், பியூசைத் தன் கையால் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். அது பையில் கனக்கிற வரைக்கும் ஒருத்தனும் கரண்ட் விட முடியாது. உயிர் தன் பையில் இருந்தது. இப்போது யார் பையில் இருக்கிறது? படுத்தால் மூச்சு முட்டுகிறது, மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடி கண்ணை மூடினால், இந்த இழுப்புக்கு அடுத்த இழுப்பு வருமா என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது. வரும். வந்ததும் அதற்கடுத்தது. கம்பத்தின் மேலே பிடிக்க ஒரு குறுக்குச் சட்டமாவது இருக்கும். படுக்கையில் எதைப் பிடிப்பது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார், வழுக்கி விழுந்துவிடுவோமோ என்று, இரண்டடி உயரம்கூட இல்லாத கட்டிலிலிருந்து.

"இன்னும் மூணு நிமிஷம்." பாதி. நூற்று எழுபத்தைந்தாவது இருக்கும். மார்பில் ஒரு பட்டையை யாரோ ஒரு ஓட்டை தள்ளி இறுக்கினார்கள். பாதம் தரையைத் தொடுவது தெரியவில்லை, முழங்காலுக்குக் கீழே வேறு யாருடைய காலோ வந்துகொண்டிருந்தது. காதில் சொந்த ரத்தம் டிரான்ஸ்பார்மர் மாதிரி ரீங்காரம் போட்டது. ரெஜினா விரல் கவ்வியின் எண்ணைப் பார்த்தாள், முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று. ஏன் காட்டவில்லை. காட்டுகிற மாதிரி என்ன இருக்கிறது அந்த எண்ணில். இந்தக் கூம்பு வரைக்கும் போய்விடலாம், கூம்பு வரைக்கும், சிவப்பு உருளை கிட்டே வருகிறது, இல்லை, அது அங்கேயே இருக்கிறது, நான்தான் வரவில்லை. வந்துவிட்டது. இருநூற்றுப் பத்து. திரும்ப வேண்டும். திரும்ப முடியவில்லை. இடது கை சுவரைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது, நெற்றி கையின் மேல் விழுந்தது. இதுதான், இப்படித்தான் வரும் போலிருக்கிறது, பட்டப்பகலில், பினாயில் வாசனையில், கையில் கவ்வியோடு. கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை, ஓடுவது தெரிந்தது. ரெஜினா பக்கத்தில் வந்து, நெஞ்சு வலிக்குதுங்களா என்றாள். தலையை இல்லையென்று ஆட்டினார். நடக்க முடிஞ்சா நடங்க, இல்லைன்னா நிறுத்திக்கலாம் என்றாள். நிறுத்திவிடலாம். சுவர் ஜில்லென்று நன்றாக இருந்தது. நிறுத்திவிட்டால் எல்லாம் நின்றுவிடும், டாக்டர், மாடி, ராசிபுரம், மூன்று தலையணை, எல்லாமே. யாராவது வந்து தூக்கிக்கொண்டு போகட்டும். பாவாயி இந்த மாதிரிதான் விட்டிருப்பாள், ஒரு சாயங்காலம், போதும் என்று. அந்த நினைப்பு இதமாக இருந்தது. இதமாக இருந்ததுதான் அவரை உலுக்கிவிட்டது. உடம்பெல்லாம் வேர்த்தது. இவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பாத பக்கம் அவர் தலை தானாகத் திரும்பியது. யாராவது பார்க்கிறார்களா, நான் இப்படி நிற்பதை அவன் பார்த்துக்கொண்டிருக்கிறானா. பதினைந்து மீட்டர் தள்ளி நீலப் பெஞ்சில் வையாபுரி தூங்கிக்கொண்டிருந்தார். தலை பின்னால் சுவரில் சாய்ந்து, வாய் பிளந்து, கை இரண்டும் தொடைமேல் மல்லாந்து. துண்டு நழுவித் தரையில் கிடந்தது. அந்தத் துண்டின் மேல் ஒரு காகிதக் காபிக் கோப்பை உருண்டு, கறை பரவிக் காய்ந்துகூடப் போயிருந்தது.

எப்போதிருந்து. அந்தச் சூடு எல்லாம் எங்கிருந்து வந்தது. ஏழு தடவை அந்த ஆளைத் தாண்டிப் போயாயிற்று, ஏழு தடவையும் முதுகை நிமிர்த்தி, காலைக் கூட்டி, காலைக் குறைத்து, அத்தனையும் ஒரு குறட்டைக்கா. செங்கோடன் சுவரிலிருந்து கையை எடுத்தார். கோபம் வந்தால் கால் வரும் என்று நினைத்தார், கோபம் வந்தது, கால் மெதுவாகத்தான் வந்தது. நடந்தார். இப்போது வராந்தாவில் ஒருத்தரும் இல்லை. ரெஜினா இருந்தாள், அவள் எண்ணைப் பார்க்கிறவள், ஆளைப் பார்க்கிறவள் இல்லை. முதல் டேப். யாருக்காகவும் முதுகை நிமிர்த்த வேண்டியதில்லை, கூன் தானாக விழுந்தது. இரண்டாவது டேப். மூச்சு அதே மாதிரி ஏறியது. அவர் கவனித்தார். பார்க்க ஆளில்லாதபோதும் அதே மாதிரிதான் ஏறுகிறது, அதே ஹா, அதே இடத்தில் முட்டுகிறது, பட்டை அதே ஓட்டையில் இறுகுகிறது. அப்படியானால் நடிப்பில்லை. ஏழு மாசமாக உள்ளே உட்கார்ந்து கேட்டவனுக்குப் பதில் கிடைத்துவிட்டது. நான் நடிக்கவில்லை, வையாபுரி, இதோ பார், உன் வாய்க்கு எதிரேயே உன்னைத் தாண்டிப் போகிறேன், நடிக்கவில்லை. அந்தச் சந்தோஷம் மூன்று டேப் தூரம்தான் இருந்தது. பெஞ்சைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் அது கையிலேயே நிறம் மாறியது. நடிப்பில்லை என்றால் நிஜம். நிஜம் என்றால், இந்த நெஞ்சு உண்மையாகவே இற்றுப்போய்க்கொண்டிருக்கிறது. இருதயத்தின் பம்பிங் நூற்றுக்கு முப்பதுதான் என்று டாக்டர் சொன்ன அந்த முப்பது உண்மை, கால் குழி உண்மை, தலையணை உண்மை. அந்த ஒரு வார்த்தை மட்டும்தான் பொய்யாக இருந்தது. அந்தப் பொய்யைத்தான் இவ்வளவு நாளும் போர்த்திக்கொண்டு கிடந்தாரா? ஒவ்வொரு தடவை மூச்சு முட்டும்போதும் நடிக்கிறேனோ என்று சந்தேகப்பட்டதில் ஒரு மூலையில், நடிப்பாக இருந்தால் தேவலையே என்று ஒருத்தன் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தானா? கூம்பைச் சுற்றினார். இருநூற்று நாற்பது. தரையின் மஞ்சள் டேப்புகள் ஒவ்வொன்றும் குறுக்கே நீட்டின கம்பி மாதிரி உயரமாகத் தெரிந்தன. இந்த ஆள் முழித்துக்கொண்டால் நன்றாக இருக்கும். முழித்துப் பார்த்து, என்னுங்க சம்பந்தி இது கூத்து என்று ஒரு வார்த்தை சொன்னால், கோபம் வந்து இந்தப் பயத்தை ஒதுக்கித் தள்ளிவிடும். முழிக்கவில்லை.

"நில்லுங்க. அங்கேயே நில்லுங்கய்யா." நின்றார். ரெஜினா ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் பின்னால் வைத்தாள், உட்கார வைத்தாள், அவர் நின்ற இடத்திலிருந்து கடைசி டேப் வரைக்கும் குனிந்து பார்த்து எழுதினாள். இருநூற்று அறுபத்து நாலு. சீட்டுகளோடு மேலே வந்த மரகதம் அவள் தோளுக்கு மேலாக எட்டி அதைப் படித்தாள். வந்து அப்பாவின் முதுகைத் தடவினாள், தடவுகிற கை இரண்டு தடவை நின்று நின்று போயிற்று. நம்ம வீட்டுக்குப் போயிரலாம்ப்பா, கீழ் ரூம்பைக் காலி பண்ணிச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்குது, மாமாதான் ஆளு வெச்சு அடிச்சாரு என்றாள். ஆக முன்பே தீர்மானம் ஆகிவிட்டது. இவள் குரல் கேட்டுத்தான் வையாபுரி முழித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, முடிஞ்சுதுங்களா, நடந்துட்டாருங்களா என்று கேட்டுக்கொண்டே எழுந்தார், கீழே கிடந்த துண்டைத் தேடி எடுத்துக் கறையைப் பார்த்துவிட்டுத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கிட்டே வந்து செங்கோடன் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் வேறாகிவிட்டது. தன் உதடு எந்த நிறத்தில் இருக்கிறதோ என்று செங்கோடன் நினைத்தார். வையாபுரி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாங்க சம்பந்தி. அவசரமே இல்லீங்க. உக்காருங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருங்க" என்றார். இந்தக் குரலைச் செங்கோடனுக்குத் தெரியும். பாவாயியின் கடைசி வாரத்தில் வீட்டுக்கு வந்த எல்லாரும் இந்தக் குரலில்தான் பேசினார்கள். அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் அப்போது கண்ணை மூடிக்கொண்டது தூக்கத்துக்கு இல்லை என்று இப்போது தெரிந்தது.

செங்கோடன் முழங்கையை உருவிக்கொண்டார். "இன்னொருக்கா நடக்கறேன்" என்றார். ரெஜினா எழுதுவதை நிறுத்தினாள். அரை மணி நேரம் ஓய்வு எடுத்த பிறகு சில பேருக்கு மறுபடி பார்ப்பதுண்டு, இன்றைக்கு அவருக்கு வேண்டாம், டாக்டரும் விடமாட்டார் என்று சொன்னாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, வையாபுரியைப் பார்த்தார்.

"நீங்க தூங்கிட்டீங்க. பாக்கலை."

"காலைல மூணு மணிக்கு எந்திரிச்சதுங்க, கண்ணசந்துட்டனுங்க" என்றார் வையாபுரி, தப்புச் செய்தவர் மாதிரி. "என்னத்தைப் பாக்கறதுங்க, அதுதான் நம்பரு வந்துருச்சே."

"பாக்கணும். பாத்துட்டுச் சொல்லணும். பாவாயி திவசத்தன்னைக்குச் சொன்னீங்கல்ல, அதைப் பத்தி."

வையாபுரி மரகதத்தைப் பார்த்தார், மறுபடி இவரைப் பார்த்தார். "திவசத்தன்னைக்கா? நான் என்னுங்க சொன்னேன்?"

செங்கோடன் அந்த முகத்தைத் துருவினார். நெற்றி, புருவம், தூக்கத்தில் சிவந்த கண், வாயோரம் காய்ந்த எச்சில் தடம், ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கேயாவது ஒரு மடிப்பில் ஒளித்து வைத்திருப்பான் என்று தேடினார். இல்லை. அந்த ஆளுக்கு ஞாபகம் இல்லை. கை கழுவின தண்ணீரோடு அதுவும் போய்விட்டது. ஏழு மாசம் அதைச் சுமந்துகொண்டு நடந்தது இவர் ஒருத்தர்தான். என்னப்பா, மாமா என்ன சொன்னாரு என்று மரகதம் கேட்டாள். இரண்டு பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, நாலே எழுத்து. சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரிந்தது. இந்த ஆள் பதறிப்போய் இரண்டு கையையும் கூப்பி, தெரியாமச் சொல்லியிருப்பனுங்க, மனசுல வெச்சுக்காதீங்க என்பான். மரகதம் அழுவாள். அதோடு முடிந்துவிடும். ஒரு மூச்சில் தீர்த்துவிட்டுப் போய்க் காரை எடுத்துக்கொண்டு வருவான். அதற்குப் பிறகு அந்தக் கீழ் அறையில், சுண்ணாம்பு வாசனையில், தலையணைகளின் மேல் உட்கார்ந்திருக்கும்போது நினைப்பதற்கு என்ன இருக்கும். தானும் இந்த நெஞ்சும் மட்டும் இருக்கும், நடுவில் ஒருத்தரும் இல்லாமல். வாயைத் திறந்தார், மூச்சை இழுத்தார், அது பாதியில் நின்று, பிறகு வந்தது.

"ஒண்ணுமில்லை" என்றார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

எந்த வீடு என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. வையாபுரி ஒன்றும் புரியாமல் சரீங்க சரீங்க என்று தலையாட்டிவிட்டு மறுபடி முழங்கையைப் பிடித்தார். இந்தத் தடவை செங்கோடன் அதை உருவிக்கொள்ளவில்லை. பிடித்த கையின் மேல் கொஞ்சம் பாரத்தைப் போட்டுக்கூடப் பார்த்தார், தாங்குகிறதா என்று. மூன்று பேரும் லிப்டைப் பார்த்து நடந்தார்கள். அந்த வார்த்தைக்கு வர வேண்டிய பதில் வராமல் பாக்கி நிற்கிற மனுஷன் அப்படி லேசில் செத்துவிட முடியாது என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். இன்னொரு தடவையும் சொல்லிக்கொண்டார். நெஞ்சு அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.